வரைபடத்தைக் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

படிப்பதற்கு முன்

• உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு மின்கருவி பழுதடைந்தபோது அதைத் திறந்து பார்த்ததுண்டா? உள்ளே என்ன கண்டீர்கள்?
• நீங்கள் உருவாக்கிய ஒன்றைப் பார்த்து மற்றவரும் செய்தால் மகிழ்வீர்களா, வருந்துவீர்களா? காரணம் கூறுங்கள்.

வாசிப்புப் பகுதி

உணவங்காடியில் நாசி லெமாக் விற்கும் ஒருவரிடம் சென்று, “உங்கள் சம்பலை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தச் செய்முறைதான் அவர்களுடைய பிழைப்பு. அதே கேள்வியை உங்கள் பாட்டியிடம் கேட்டால் கதை வேறு. எத்தனை மிளகாய், எவ்வளவு புளி, எப்போது அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று அவர் ஒன்றுவிடாமல் சொல்லித் தருவார். “நீ செய்துவிட்டு எனக்கும் கொஞ்சம் கொண்டு வா” என்றும் சொல்வார்.

கருவிகளை உருவாக்குவோரிடையேயும் இந்த இரண்டு வகையினர் இருக்கிறார்கள். தம் கருவியின் செய்முறையைப் பூட்டி வைப்போர் ஒரு வகை. அதை உலகத்தின் முன் விரித்து வைப்போர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் பல நாடுகளிலிருந்து வந்து ஒன்றுகூடும் நிகழ்ச்சிதான் திறந்த வன்பொருள் உச்சநிலைச் சந்திப்பு. அந்தச் சந்திப்பைப் பற்றியும், அங்கே திரும்பத் திரும்ப எழும் ஒரு கடினமான கேள்வியைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

திறந்த மூல வன்பொருள் என்றால் என்ன?

கணினியில் இயங்கும் நிரல்களை மென்பொருள் என்கிறோம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பலகை, கம்பி, விசை, திரை முதலியவை வன்பொருள். ஒரு வன்பொருளின் மின்சுற்று வரைபடம், அதற்குத் தேவையான உதிரிபாகங்களின் பட்டியல், அதை இயக்கும் நிரல் ஆகிய அனைத்தையும் உருவாக்கியவரே பொதுவில் வெளியிட்டால், அது திறந்த மூல வன்பொருள் எனப்படும்.

வெளியிட்டால் மட்டும் போதாது. அந்த வரைபடத்தை யாரும் ஆராயலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அதைக் கொண்டு கருவியைச் செய்யலாம், செய்த கருவியை விற்கவும் செய்யலாம். இத்தனை உரிமைகளையும் கொடுத்தால்தான் அது முழுமையாகத் திறந்தது. இந்த வரையறையின் முதற்பதிப்பு 2011ஆம் ஆண்டில் வெளியானது. பற்சக்கர வடிவிலான ஒரு சின்னமும் அதே ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு மின்சுற்றுப் பலகையில் அந்தப் பற்சக்கரத்தைப் பார்த்தால், “என்னைத் திறந்து படிக்கலாம்” என்று அந்தப் பலகையே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

மென்பொருளைப் பகிர்வதற்கும் வன்பொருளைப் பகிர்வதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒரு நிரலை ஆயிரம் பேருக்குப் படியெடுத்துக் கொடுக்க ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. வன்பொருள் அப்படியன்று. வரைபடம் இலவசமாகக் கிடைத்தாலும் பலகைக்கும் பாகங்களுக்கும் பணம் வேண்டும். செய்து முடிக்க நேரமும் கைத்திறனும் வேண்டும். தவறாக இணைத்தால் பாகம் கருகிப் போகும். ஆகவே, இத்துறையில் ஒருவர் மற்றவரிடம் நேரில் கற்றுக்கொள்வது மிகவும் தேவைப்படுகிறது.

மூடப்படவிருந்த ஒரு கல்விக்கூடம்

உங்கள் பள்ளியின் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் ‘ஆர்டுயினோ’ என்ற சிறிய பலகையைப் பயன்படுத்தியிருக்கலாம். அது பிறந்த கதை இத்தாலியில் உள்ள இவ்ரேயா என்னும் ஊரில் தொடங்குகிறது. அங்கே வடிவமைப்புக் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. அங்குப் படித்தவர்களில் பலர் மின்பொறியியல் கற்றவர்கள் அல்லர், வடிவமைப்பாளர்கள், கலைஞர்கள். விளக்கை ஒளிரச் செய்யவும் பொம்மையை அசையச் செய்யவும் அவர்கள் பயன்படுத்திய கட்டுப்பாட்டுப் பலகையின் விலை ஏறத்தாழ 100 டாலர். மாணவர்களுக்கு அது பெரிய தொகை.

அக்கல்விக்கூடத்தில் பயின்ற கொலம்பியா நாட்டு மாணவர் ஹெர்னாண்டோ பாராகான், 2003ஆம் ஆண்டில் தம் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற எளிய பலகையையும் அதற்குரிய நிரல் சூழலையும் உருவாக்கினார். அதற்கு அடிப்படையாக அமைந்தது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘பிராசஸிங்’ என்னும் திறந்த மூல மென்பொருள். இவற்றின் மேல் கட்டி எழுப்பப்பட்டதே ஆர்டுயினோ. 2005ஆம் ஆண்டில் அங்கு ஆசிரியராக இருந்த மாசிமோ பான்சியும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 30 டாலருக்குக் கிடைக்கக்கூடிய பலகையை உருவாக்கினர்.

அவ்வேளையில் கல்விக்கூடத்தின் நிதி வற்றிக்கொண்டிருந்தது. அது மூடப்பட்டால் பலகையும் அதனோடு புதைந்துவிடுமோ என்று குழுவினர் அஞ்சினர். எனவே, வரைபடங்களைத் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். இனிக் கல்விக்கூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலகை பிழைத்துக்கொள்ளும். அவர்கள் எதிர்பார்த்தது போலவே நடந்தது. கல்விக்கூடம் அங்கு நிலைக்கவில்லை. ஆர்டுயினோ உலகெங்கும் பரவியது.

தொடக்கத்தில் 300 வெற்றுப் பலகைகளை மாணவர்களிடம் கொடுத்து, “இணையத்தில் உள்ள குறிப்பைப் பார்த்து நீங்களே பாகங்களைப் பொருத்துங்கள், பிறகு எதற்காவது பயன்படுத்துங்கள்” என்று கூறினார்களாம். அவ்வாறு உருவான முதல் படைப்புகளில் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் ஒரு விழிப்பொலிக் கடிகாரம். இன்னும் சற்று நேரம் தூங்கலாம் என்று அதன் விசையைத் தட்டினால், கடிகாரம் கொஞ்சம் மேலே ஏறிவிடும். மீண்டும் தட்டினால் இன்னும் மேலே போகும். இறுதியில், எழுந்து நின்றால்தான் அதை எட்ட முடியும்!

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஆர்டுயினோ புகழ்பெற்ற பிறகு, அதற்கு அடித்தளமிட்ட தம் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று பாராகான் 2016ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். பகிர்ந்ததை எடுத்துக்கொள்ள அனைவருக்கும் உரிமை உண்டு. ஆனால், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லும் கடமையும் அதனுடன் வருகிறது. ‘நன்றி, இதை இவர்தான் தொடங்கினார்’ என்ற ஒரு வரி, பணம் பெறாமல் பகிர்பவருக்குப் பல வேளைகளில் கிடைக்கும் ஒரே கூலி.

பல்கலைக்கழக மண்டபத்தில் ஒரு சந்திப்பு

தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்த இத்தகைய உருவாக்குநர்களை ஓரிடத்தில் கூட்ட வேண்டும் என்று அயா பிடைர், அலிஷியா கிப் என்னும் இரு பெண்கள் முயன்றனர். அதன் விளைவாக, முதல் உச்சநிலைச் சந்திப்பு 2010ஆம் ஆண்டில் நியூயார்க் நகர அறிவியல் கூடத்தில் நடைபெற்றது. 2012ஆம் ஆண்டில் திறந்த மூல வன்பொருள் சங்கமும் தொடங்கப்பட்டது.

பின்னர், இச்சந்திப்பு பல முறை பல்கலைக்கழகங்களில் நடந்துள்ளது. 2013ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் எம்.ஐ.டி. அதற்கு இடமளித்தது. 2015இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும், 2024இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள கன்கார்டியா பல்கலைக்கழகமும், 2025இல் எடின்பரோ பல்கலைக்கழகமும் இடமளித்தன. இது பொருத்தமான தேர்வே. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. வெட்டும் பொறியும் அச்சிடும் பொறியும் உண்டு. கேள்வி கேட்கத் தயங்காத இளையர்களும் உண்டு. எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998ஆம் ஆண்டிலிருந்தே ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி?’ என்ற பாடத்தைக் கற்பித்து வந்தார். பொறியாளராகப் போகிறவர்கள் மட்டுமன்றி, ஓவியரும் கட்டடக் கலைஞரும் அதில் சேர விரும்பினர்.

சந்திப்பில் உரைகள் உண்டு. கூடவே செய்முறைப் பட்டறைகளும் காட்சி மேசைகளும் உண்டு. மேசையில் உள்ள கருவியை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். உருவாக்கியவர் எதிரிலேயே நிற்பார். “இந்தப் பாகத்தை ஏன் இங்கே வைத்தீர்கள்?” என்று அவரிடமே கேட்கலாம். சில வேளைகளில் கேள்வி கேட்டவரே அதைவிடச் சிறந்த வழியைச் சொல்லிவிடுவதும் உண்டு. 2018ஆம் ஆண்டுச் சந்திப்பில் பங்கேற்றோர் அணிந்த பெயரட்டைகூட மின்தாள் திரை கொண்ட ஒரு சிறு கணினியாக இருந்தது. அதன் வரைபடமும் திறந்ததே.

இத்துறையில் பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கண்ட சங்கத்தினர், 2013ஆம் ஆண்டு முதல் ஏடா லவ்லேஸ் பெயரில் உதவித்தொகை அளித்து வருகின்றனர். கணினிகள் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கணக்கிடும் பொறிக்கான செயல்முறையை எழுதியவர் அந்தப் பெண்மணி. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வாசல்வரை வர இயலாதவரைக் கைபிடித்து அழைத்து வரவும் வேண்டும் என்பதை இம்முயற்சி காட்டுகிறது.

வரைபடம் கைகொடுத்த நேரம்

பகிர்வதால் யாருக்கு என்ன பயன்? இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏற்பட்டன. ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் சேதமடைந்து, கதிரியக்கம் வெளியேறியது. ‘என் வீட்டு வாசலில் குழந்தை விளையாடலாமா?’ என்பதே பெற்றோரின் கவலை. அளந்து பார்க்கக் கருவிகள் கிடைக்கவில்லை. கடைகளில் விற்றுத் தீர்ந்துவிட்டன. அப்போது ‘சேஃப்காஸ்ட்’ என்ற தன்னார்வலர் குழு உருவானது. அவர்கள் தாமே அளவுகருவிகளைச் செய்து வாகனங்களில் பொருத்தினர். வாகனம் செல்லச் செல்ல, 5 விநாடிக்கு ஒருமுறை கதிரியக்க அளவும் இருக்குமிடமும் பதிவாயின. அடுத்தடுத்த தெருக்களில்கூட அளவுகள் வேறுபடுவதை அந்தப் பதிவுகள் காட்டின.

கருவியின் வரைபடத்தையும் அளந்த தரவுகளையும் குழுவினர் அனைவருக்கும் திறந்து வைத்தனர். ஒருவர் கூறும் எண்ணை நாம் நம்ப வேண்டுமானால், அவர் அதை எப்படி அளந்தார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அச்சம் சூழ்ந்த நேரத்தில், உள்ளே பார்க்கக்கூடிய கருவியே மக்களின் நம்பிக்கையைப் பெற்றது.

இரண்டாம் நிகழ்வும் அதே 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் நகரில், மர வேலையின்போது இரம்பம் பட்டு ஒரு தச்சர் தம் வலக்கை விரல்களை இழந்தார். செயற்கை விரல்களின் விலை அவருக்கு எட்டாததாக இருந்தது. அமெரிக்கர் ஒருவர் வேடிக்கைக்காகச் செய்த பெரிய இயந்திரக் கையின் காணொளியை இணையத்தில் கண்டு, அவரைத் தொடர்புகொண்டார். இரு கண்டங்களைச் சேர்ந்த அவ்விருவரும் சேர்ந்து உழைத்தனர். பின்னர், ஒரு கையில் விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கும் ஒரு கையை உருவாக்கினர். மணிக்கட்டை வளைத்தால் நூல்கள் இழுபட்டு விரல்கள் மடங்கும். அவ்வளவு எளிய அமைப்பு.

அதற்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் சேர்க்க அவர்கள் முயன்றிருக்கலாம். மாறாக, 2013ஆம் ஆண்டில் முப்பரிமாண அச்சுக்கான கோப்புகளை இணையத்தில் வெளியிட்டனர். ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஒருவர், அச்சுப்பொறி வைத்திருப்போரையும் கை தேவைப்படுவோரையும் இணைக்கத் தொடங்கினார். ‘இனேபிள்’ என்னும் தன்னார்வலர் அமைப்பு அவ்வாறு பிறந்தது. மருத்துவமனையில் செய்யப்படும் செயற்கைக் கைக்கு இது ஈடாகாது. எனினும், வளரும் பிள்ளைக்குக் கை சிறிதாகிவிட்டால், கோப்பின் அளவைச் சற்றுக் கூட்டி மீண்டும் அச்சிட்டால் போதும்.

பிழைப்புக்கு என்ன வழி?

இப்போது அந்தக் கடினமான கேள்விக்கு வருவோம். வரைபடத்தைக் கொடுத்துவிட்டால், உருவாக்கியவருக்கு என்ன மிஞ்சும்?

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர் 2005ஆம் ஆண்டில் ‘ரெப்ராப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிடக்கூடிய முப்பரிமாண அச்சுப்பொறியை உருவாக்குவதே அதன் நோக்கம். வரைபடங்கள் அனைத்தும் திறந்தவை. 2009ஆம் ஆண்டில் இவ்வகை அச்சு முறைக்கான முக்கியமான காப்புரிமை ஒன்று காலாவதியானதும், பல சிறு நிறுவனங்கள் அந்த வரைபடங்களின் அடிப்படையில் அச்சுப்பொறிகளை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கியவர்கள் குறைகளைச் சுட்டினர். மேம்பாடுகளை இலவசமாக அளித்தனர். ஊர் கூடித் தேர் இழுத்தது போல அத்துறை விரைந்து முன்னேறியது.

2012ஆம் ஆண்டில், அவற்றுள் புகழ்பெற்ற ஒரு நிறுவனம் தன் புதிய அச்சுப்பொறியின் வரைபடங்களை வெளியிடவில்லை. உருவாக்குநர் பலர் கொதித்தனர். ‘நாங்கள் அனைவரும் சேர்ந்து செய்ததை நீங்கள் மட்டும் பூட்டலாமா?’ என்பது அவர்களுடைய கேள்வி. நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அப்படியே படியெடுத்து மலிவாக விற்பவர்களோடு போட்டியிட்டுக்கொண்டே, பணியாளர் பலருக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது? அவ்வாண்டு உச்சநிலைச் சந்திப்பில் அந்நிறுவனத்தின் தலைவரே பேச வந்தார். கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆனால், மாறுபட்டவர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டனர்.

வேறு வழிகளும் உள்ளன. ஆர்டுயினோ தன் வரைபடத்தைத் திறந்து வைத்தது. ‘ஆர்டுயினோ’ என்ற பெயரை மட்டும் வணிக முத்திரையாகக் காத்துக்கொண்டது. பலகையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்தப் பெயரில் விற்க முடியாது. சிலர் வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பாகங்களை ஒரு பெட்டியில் சேர்த்து விற்கிறார்கள். வேறு சிலர் கற்பித்துச் சம்பாதிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு முதல் சங்கம் கட்டணமின்றிச் சான்றிதழும் வழங்குகிறது. சான்று பெற்ற கருவிக்கு, நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த அடையாளக் குறி கிடைக்கும். ‘திறந்தது’ என்று பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடுக்க இது உதவுகிறது.

இவை எல்லாம் இருந்தும், எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடைத்துவிடவில்லை. பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியதைப் பூட்டி வைப்பவரைப் பேராசைக்காரர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பகிர்பவரை ஏமாளி என்று சொல்வதும் தவறு. எதைத் திறப்பது, எதைக் காப்பது, எப்போது திறப்பது என்று ஒவ்வோர் உருவாக்குநரும் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் முறை

நீங்கள் பள்ளியில் ஒரு கருவியை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செடிக்குத் தானாக நீர் ஊற்றும் பொறியாக இருக்கலாம். தாத்தா மருந்து உண்ணும் வேளையை நினைவூட்டும் மணியாக இருக்கலாம். போட்டி முடிந்ததும் அது ஒரு பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு உங்கள் பள்ளித் தம்பி தங்கையர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வார்கள்.

அதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. வரைபடத்தைத் தெளிவாக வரையுங்கள். பாகங்களின் பெயரையும் விலையையும் பட்டியலிடுங்கள். நிரலைச் சேமித்து வையுங்கள். யாருடைய வேலையிலிருந்து கற்றீர்களோ அவருடைய பெயரை எழுதுங்கள். எந்தெந்த முயற்சி தோற்றது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறருக்கு மிகவும் பயன்படும் பகுதி பெரும்பாலும் அதுதான். பிறகு அதை ஒருவரிடம் கொடுத்து, உங்கள் உதவியின்றிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.

பாட்டி சொன்ன சம்பல் செய்முறையை நீங்கள் எடுத்துச் சென்றதால் பாட்டியின் சமையலறையில் எதுவும் குறைந்துவிடவில்லை. நீங்கள் சற்றுக் கூடுதலாக நெத்திலி சேர்த்துச் செய்துகொண்டு வந்து கொடுத்தால், அவரே அதைச் சுவைத்துவிட்டு, “இது எப்படிச் செய்தாய்?” என்று கேட்கக்கூடும்.

அருஞ்சொற்பொருள்

உச்சநிலைச் சந்திப்பு – ஒரு துறையின் முக்கியமானவர்கள் கூடும் பெரிய கூட்டம்
உதிரிபாகம் – ஒரு கருவியின் தனித்தனிப் பகுதி
உரிமம் – ஒன்றைப் பயன்படுத்தத் தரப்படும் அனுமதி
காப்புரிமை – தம் கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்க அரசு தரும் உரிமை
காலாவதியாதல் – செல்லுபடியாகும் காலம் முடிந்துபோதல்
தன்னார்வலர் – ஊதியம் எதிர்பாராமல் தாமே முன்வந்து தொண்டு செய்பவர்
வணிக முத்திரை – ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய பெயர் அல்லது சின்னம்

கருத்துணர்தல்

1. ஒரு வன்பொருளின் வரைபடத்தை வெளியிட்டால் மட்டுமே அது முழுமையாகத் திறந்ததாகிவிடுமா? விளக்குக.
2. இவ்ரேயா குழுவினர் தம் பலகையின் வரைபடத்தை வெளியிட்டதற்கு என்ன காரணம்?
3. ‘ஒரே கூலி’ என்று கட்டுரையாசிரியர் எதைக் குறிப்பிடுகிறார்? ஏன்?
4. ஃபுக்குஷிமா மக்கள் திறந்த கருவியை நம்பியதற்குரிய காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
5. 2012ஆம் ஆண்டில் எழுந்த கருத்து வேறுபாட்டில் இரு தரப்பினரின் வாதங்களையும் எழுதுக. நீர் எத்தரப்பை ஆதரிக்கிறீர்? இரண்டு காரணங்கள் தருக.

இணைந்து செய்க

நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, ஒரு காகிதப் பொம்மையையோ எளிய மின்விளக்கையோ செய்யுங்கள். செய்முறையை ஒரே பக்கத்தில் எழுதி மற்றொரு குழுவிடம் கொடுங்கள். அவர்கள் உங்களிடம் எதுவும் கேட்காமல் செய்து முடிக்க முடிந்ததா? திருத்திய செய்முறையை வகுப்பில் படைத்திடுங்கள்.